கத்தாத ராஜா

ஓசூரில் பத்து வருஷம் குடியிருந்தால் இரண்டு சமாசாரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று, மூன்று பாஷை. இன்னொன்று, உரக்கப் பேசும் பழக்கம்.

மூன்று பாஷையில் சிரமம் ஒன்றும் இல்லை. பால்காரரிடம் தெலுங்கு, பூக்காரம்மாவிடம் கன்னடம், கரண்ட் ஆபீசில் தமிழ், வீட்டுக்குள் நுழைந்ததும் சகதர்மிணியிடம் மௌனம் என்று பிரித்து வைத்துக்கொண்டால் வண்டி ஓடிவிடும். உரக்கப் பேசுவதுதான் தொல்லை. சிப்காட்டில் ஒரு ஷிப்ட் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்து "கொஞ்சம் உப்பு போடு" என்று சொன்னால் கூட கேட் மீட்டிங் மாதிரிதான் இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் "அப்படியா?" என்று கேட்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், போன மாதம் ஒரு டீக்கடையில், நாலு பேர் நாலு பாஷைக்காக ஒரு பாடகரைப் பங்கு போட்டோம்.

கடை ஒரு சேட்டனுடையது. அவருடைய செல்போன் கல்லாப்பெட்டி மேலே சாய்ந்து உட்கார்ந்து பழைய பாட்டு பாடிக்கொண்டிருந்தது. மிஸ்ஸியம்மா படத்துப் பாட்டு. குரல் ஏ.எம்.ராஜா.

"ஏமி சார், இது எங்க மிஸ்ஸம்மா பாட்டு!" என்று ஆரம்பித்தார் ரெட்டிகாரு. பாகலூர் பக்கம் தக்காளி போடுகிறவர். "ராஜா எங்க சித்தூர் ஜில்லா ஆளு. மெட்டு எங்களுது, பாடினவர் எங்களவர். உங்களுது வார்த்தை மட்டும்தான்!"

"வார்த்தை மட்டும்தானா? ஜெமினி கணேசனுக்குக் காதலே வந்தது ராஜா குரலில்தான் ஐயா. அந்தக் குரல் இல்லாவிட்டால் அவர் காதல் மன்னன் ஆகியிருப்பாரா?" என்றேன் நான். தமிழ்நாட்டின் மானம் என் கையில்.

"கன்னடத்துலயும் பாடியிருக்காரு கண்ரீ," என்றார் சிமெண்ட் கடை கவுடரு. "அது இருக்கட்டும். ராஜாவுக்கு அப்புறம் உங்க ஜெமினிக்கு யாரு பாடினாங்க? எங்க ராஜ்குமாருக்குப் பாடின பி.பி.ஸ்ரீனிவாஸ்!"

"ஆயனவும் எங்க ஆளு! காக்கிநாடா!" என்று ரெட்டிகாரு மேஜையைத் தட்டினார்.

சேட்டன் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார். "நிங்கள் எல்லாம் சும்மா இரிக்கணும். பார்யா படம், 1962. பெரியாறு பத்தி ராஜாவும் சுசீலாம்மாவும் பாடின பாட்டு கேட்டிட்டுண்டோ? அது போட்டால்தான் எங்க நாட்டில் ஆத்துல வெள்ளமே வரும்!"

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். டீயில் ஏடு படிந்தது. பக்கத்து பெஞ்சில் யூனிபாரம் போட்ட அப்ரண்டிஸ் பையன் ஒருவன், இருபது வயசு இருக்கும், ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, கொஞ்சம் மெதுவா பேசுறீங்களா? பாட்டு கேக்கலை."

நாலு பாஷையும் கப்பென்று வாயை மூடிக்கொண்டன. எந்த ஆளுக்காக அத்தனை சத்தம் போட்டோமோ, அந்த ஆள் பாட்டில் ஒரு தடவையாவது கத்தியிருக்கிறாரா என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்து இல்லை.

*

ரெட்டிகாரு சொன்னதில் நியாயம் உண்டு. ராஜா பிறந்தது 1929 ஜூலை 1-ம் தேதி, சித்தூர் மாவட்டத்தில். அந்தச் சித்தூர் மாவட்டத்துக் குப்பம், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வேலிப்பக்கத்து வீடு. மாம்பழ லாரி அரை மணியில் எல்லை தாண்டிவிடும். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த பையன். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1951-ல் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே எச்.எம்.வி. இசைத்தட்டுக்குத் தெலுங்கில் பாடியாயிற்று. அதே 1951-ல் ஜெமினியின் 'சம்சாரம்' படத்துக்கு டைட்டில் பாட்டு. பி.ஏ. முடித்த பையனுக்கு வேலை கிடைத்த வேகத்தைப் பாருங்கள். நம் வீட்டுப் பையன்கள் நாலு வருஷமாக 'பயோடேட்டா' அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் வந்த நேரமும் முக்கியம். அதற்கு முந்தைய தலைமுறைப் பாடகர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து முறுக்கு தின்கிறவன் காதிலும் விழவேண்டும். அடிவயிற்றிலிருந்து எடுத்துத்தான் ஆகவேண்டும். மைக் வந்த பிறகு அந்த அவசியம் போயிற்று. அமெரிக்காவில் பிங் க்ராஸ்பி மைக்குக்குப் பக்கத்தில் நின்று காதோடு பேசுகிற மாதிரி பாடிப் பேர் வாங்கினார். இந்தியில் தலத் மெஹ்மூத். நம் பக்கம் ராஜா.

மைக் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? இன்னும் உரக்கக் கத்துவோம். கல்யாண மண்டபத்தில், கோயில் திருவிழாவில், தேர்தல் ஆட்டோவில் பார்க்கிறோமே. ராஜாவோ மைக் இருக்கிறது, இனி கத்த வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். இரும்பை அடிக்கிற ஊர்க்காரனான எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

டி.எம்.எஸ்., சீர்காழி இவர்கள் குரல் கோபுரம் என்றால் ராஜாவுடையது திண்ணை. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம், கும்பிடலாம். திண்ணையில்தான் உட்கார முடியும்.

*

மிஸ்ஸியம்மா வழக்குக்கு வருகிறேன். 1955-ல் விஜயா கம்பெனியார் ஒரே கதையைத் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா'வாகவும் தமிழில் 'மிஸ்ஸியம்மா'வாகவும் எடுத்தார்கள். இயக்கம் எல்.வி.பிரசாத், இசை எஸ்.ராஜேஸ்வர ராவ், இரண்டிலும் சாவித்திரி. தெலுங்கில் என்.டி.ராமாராவ், தமிழில் ஜெமினி. கதாநாயகன் மாறினார், பாஷை மாறியது, குரல் மாறவில்லை. என்.டி.ஆருக்கும் ராஜாதான், ஜெமினிக்கும் ராஜாதான். பிறகு கன்னடம், மலையாளம். பாஷைக்குப் பாஷை போய் வந்தார். எந்தச் செக்போஸ்ட்டிலும் அவருக்கு பர்மிட் கேட்கவில்லை.

செக்போஸ்ட் என்றதும் ஓசூர்க்காரனுக்கு ஜூஜுவாடிதான் ஞாபகம் வரும். இந்தப் பக்கம் ஜூஜுவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. நடுவில் ஒரு கோடு. சாதாரண நாளில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காவிரியில் தண்ணீர் குறைந்தால் மட்டும் பளிச்சென்று தெரியும். 1991 டிசம்பரில் தெரிந்தது. பெங்களூரிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஓசூருக்கு வந்தன. 2016 செப்டம்பரில் மறுபடி தெரிந்தது. பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. இங்கிருந்து போகிற பஸ்கள் ஜூஜுவாடியோடு நின்றுவிட்டன. ஜனங்கள் பையும் பிள்ளையுமாக இறங்கி அத்திப்பள்ளிக்கு நடந்தார்கள்.

நானும் நடந்தேன். பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு உறவுக்காரரைப் பார்க்கவேண்டியிருந்தது. டி.வி.யில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அதே நேரம், அந்த ரோட்டில் ஒரு சத்தம் இல்லை. "தண்ணி வேணுமாம்மா?" "நீரு பேக்கா?" "நீள்ளு காவாலா?" எல்லாம் கிசுகிசு குரலில். ஒரு பெரியவர் யாரோ பெத்த பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தார். அது எந்த பாஷைப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. பிள்ளையும் சொல்லவில்லை, தூங்கிவிட்டது.

நிஜமாகவே கஷ்டம் வந்தால் ஜனங்கள் மெதுவாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். உரக்கப் பேசுகிறவர்கள் எல்லாம் சௌகரியமாக எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவர்கள்.

*

ராஜா வெறும் பாடகர் இல்லை. மெட்டுப் போட்டவர். தானே மெட்டுப் போட்டுத் தானே பாடுவது என்பது நம் சினிமாவில் அப்போது அபூர்வம். பாட்டு எழுத ஒருத்தர், மெட்டுக்கு ஒருத்தர், பாட ஒருத்தர், வாயசைக்க ஒருத்தர் என்று கன்வேயர் பெல்ட் மாதிரி வேலை நடக்கிற இடம் இது.

ஜப்பானில் இப்படி இல்லாத ஒரு ஆள் உண்டு. ஜப்பான் ஓசூருக்குப் புதுசும் இல்லை. 1982-ல் டி.வி.எஸ்.ஸும் சுசுகியும் கைகோத்தன. 1984-ல் இங்கிருந்து 100 சி.சி. பைக் ஓட ஆரம்பித்தது. 2001-ல் இரண்டும் பிரிந்தன. அதனால் ஜப்பான்காரர் பிஸ்டன் நமக்கு நன்றாகத் தெரியும். பியானோதான் தெரியாது. சுசுகியின் சொந்த ஊர் ஹமாமத்ஸு. யமஹாவுக்கும் அதே ஊர்தான். யமஹா 1887-ல் ஆர்கன் பெட்டி ரிப்பேரில் தொடங்கி, பியானோ செய்து, 1955-ல்தான் மோட்டார் சைக்கிளுக்கு வந்த கம்பெனி. பைக்கும் பியானோவும் ஒரே ஊரில்! நம் ஊரில் பைக் இருக்கிறது, லாரி இருக்கிறது, கைக்கடிகாரம் இருக்கிறது. ஒரு ஆர்மோனியப் பெட்டி செய்ய ஆள் உண்டா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அந்த ஜப்பானில் அகிகோ யானோ என்று ஒரு அம்மணி. 1955-ல் பிறந்தவர். பியானோ முன்னால் உட்காருவார். பாட்டு அவர் எழுதியது, மெட்டு அவர் போட்டது, வாசிப்பு அவர், குரலும் அவர். 1976-ல் முதல் ஆல்பம். நூடுல்ஸ் சாப்பிடவேண்டும் போல இருக்கிறது என்று ஒரு பாட்டு போட்டிருக்கிறார். (நம் ஆட்கள் பிரியாணிக்கு ஏன் இன்னும் உருப்படியாக ஒரு பாட்டுப் போடவில்லை?) 1992-ல் 'சூப்பர் ஃபோக் சாங்' என்று பியானோவும் குரலும் மட்டும் வைத்து ஒரு ஆல்பம். அதை ஒலிப்பதிவு செய்ததைக் கறுப்பு வெள்ளையில் படமாகவே எடுத்திருக்கிறார்கள். வெட்டி ஒட்டும் வேலை கிடையாது. ஒரே மூச்சில் முழுப்பாட்டும் சரியாக வரவேண்டும். ஒரு இடத்தில் பிசகினால் அம்மணி கையை எடுத்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி. மறுபடி.

ராஜாவும் அந்த ஜாதி ஆள்தான். ஒவ்வொரு சங்கதியும் நினைத்த இடத்தில் விழவேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு டேக் என்று பிடிவாதம் பிடிப்பார் என்று அந்தக் காலத்துக்காரர்கள் சொல்வார்கள். ஒரே ஒரு வித்தியாசம். அகிகோ அம்மணிக்குக் கோபித்துக்கொள்ளப் பியானோ மட்டும்தான் எதிரில் இருந்தது. ராஜா காலத்து சென்னை ஸ்டூடியோவில் பாடுகிறவரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் பதிவு செய்யவேண்டும். கடைசி அடியில் ஒரு சங்கதி சரியில்லை என்றால் வயலின்காரர்கள் அத்தனை பேரும், புல்லாங்குழல், தபேலா, டபுள் பேஸ் எல்லாமும் மறுபடி ஒன்றிலிருந்து. மணி ஓடும். ஸ்டூடியோ வாடகை ஓடும். தயாரிப்பாளருக்கு வியர்வை ஓடும்.

நம் பாக்டரி பாஷையில் சொன்னால் ராஜா குவாலிட்டி டிபார்ட்மெண்ட். அந்த டிபார்ட்மெண்ட் ஆளைப் புரொடக்ஷன்காரர்களுக்குப் பிடித்ததாகச் சரித்திரம் உண்டா?

*

ஆனால் அந்தக் குவாலிட்டி என்ன கொடுத்தது பாருங்கள். 1958-ல் தெலுங்கில் 'சோபா' படத்துக்கு இசை. 1959-ல் தமிழில் 'கல்யாண பரிசு'. ஸ்ரீதர் டைரக்ட் செய்த முதல் படம், ராஜா இசையமைத்த முதல் தமிழ்ப் படம், பாட்டு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். மூன்று பேருக்குமே அப்போது முப்பது வயசு ஆகவில்லை. இன்றைக்கு அந்த வயசில் நாம் 'ட்ரெய்னி' என்று பேட்ஜ் குத்தி உட்கார வைக்கிறோம்.

அந்தப் படத்தில் ஜெமினியும் சரோஜாதேவியும் சைக்கிளில் போய்க்கொண்டே பாடுகிற பாட்டு ஒன்று உண்டே, 'வாடிக்கை மறந்ததும் ஏனோ', அதை ஒரு தடவை டூ வீலர் ஊர்க்காரன் காதால் கேளுங்கள். வேகம் சரியாக சைக்கிள் வேகம். பெடலை மிதிக்கிற அளவுதான் தாளம். யாரும் யாரையும் ஓவர்டேக் செய்யவில்லை. இன்றைக்கு அதே காட்சியை எடுத்தால் இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் நூறில் பறப்பார்கள்; பாட்டும் அதே வேகத்தில் பறக்கும்.

அதே படத்தில் தீபாவளிப் பாட்டு ஒன்று. சந்தோஷமாக சுசீலா பாடுவார். பிறகு அதே மெட்டு சோகமாக ராஜா குரலில் வரும். சோகம் என்றால் அழுகை, விக்கல், நெஞ்சில் அடித்துக்கொள்வது எதுவும் கிடையாது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி ஒரு சோகம். எங்கள் தெருவில் தீபாவளிக்குப் பத்தாயிரம் வாலா வெடிக்கிறவர் கூட அந்தப் பாட்டு வந்தால் ஊதுபத்தியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

படம் வந்த அந்த வருஷமே, 1959 அக்டோபரில், பட்டுக்கோட்டையார் போய்விட்டார். வயசு 29. கல்யாண பரிசு தெலுங்கில் 'பெள்ளி கானுக' ஆனபோது அதற்கும் ராஜாவே இசை. 1960-ல் 'விடிவெள்ளி', 1961-ல் கண்ணதாசன் பாட்டெழுதிய 'தேன் நிலவு', 1962-ல் 'ஆடிப்பெருக்கு'. தேன் நிலவுக்கு காஷ்மீர் வரை போய்ப் படம் பிடித்தார்கள். படம் காஷ்மீர் குளிருக்கு. பாட்டு ஓசூர் மார்கழிக்கும் போதுமானது.

அப்புறம் நின்றுவிட்டது.

ஸ்ரீதருக்கும் ராஜாவுக்கும் மனஸ்தாபம். 1962-ல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தபோது இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. ஜெமினியின் குரலும் கை மாறிக்கொண்டிருந்தது. 1961-ல் 'பாவமன்னிப்பு' படத்தில் அவருக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிவிட்டார். அதுவும் மென்மையான குரல்தான். திண்ணை காலியாகவில்லை, வேறொருவர் உட்கார்ந்தார்.

நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். படம் எடுக்கிறவர் ரிலீஸ் தேதியைப் பார்க்கவேண்டும், பாட்டுப் போடுகிறவர் சங்கதியைப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடாது. ஆனால் இவர் கணக்கில் வரவு எவ்வளவு என்று பாருங்கள். முப்பத்து மூன்று வயசுக்குள் தமிழில் சில படங்கள். அவற்றை வைத்துத்தான் இன்றைக்கும் அவருக்குப் பேர். பிறகு பத்து வருஷம் போல இசையமைப்பு மேஜை காலி. மனைவி ஜிக்கியோடு கச்சேரி செய்துகொண்டிருந்தார். 1971-ல் வி.குமார் கூப்பிட்டு 'ரங்கராட்டினம்' படத்தில் பாடவைத்தார். 1972-ல் 'புகுந்த வீடு' படத்தில் ராஜாவும் ஜிக்கியும் சேர்ந்து ஒரு பாட்டு. 1973-ல் 'வீட்டு மாப்பிள்ளை', 1975-ல் 'எனக்கொரு மகன் பிறப்பான்' என்று இரண்டு படத்துக்கு இசையும் போட்டார். குரல் அப்படியே இருந்தது. உலகம்தான் வால்யூமைக் கூட்டி வைத்திருந்தது.

1989 ஏப்ரலில் கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கோயில் கச்சேரிக்குப் போகும் வழியில், வள்ளியூர் ரயில் நிலையத்தில் விபத்து. அறுபது நிறைய இரண்டு மூன்று மாதம் பாக்கி. கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த பாடகராகவே போனார். ஜிக்கி 2004 வரை இருந்தார்.

*

இதையெல்லாம் எனக்கு ராஜா பைத்தியம் பிடித்ததால் எழுதவில்லை. பைத்தியம் பிடித்தவர் என் மச்சான். சகதர்மிணியின் அண்ணன். கல்யாணமான புதுசில் எனக்குச் சீர் என்று அவர் கையால் கொடுத்தது கல்யாண பரிசு காஸெட். "பேருக்குப் பேரும் ஆச்சு, பரிசுக்குப் பரிசும் ஆச்சு மாப்ளே" என்றார். மிக்சி எதிர்பார்த்திருந்த எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

மச்சான் முப்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகடு உள்ளே போகும், மேலிருந்து 'டம்'மென்று இறங்கும், கதவு வடிவமோ தகர மூடி வடிவமோ வெளியே வரும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் 'டம்' என்று அவரே எண்ணியதில்லை. காதுக்கு வைக்கிற பஞ்சு, ரப்பர் அடைப்பான் எல்லாம் உண்டு; வைத்தால் பக்கத்து ஆள் கூப்பிடுவது கேட்காது என்று ஜேபியிலேயே இருந்தது.

சத்தத்தால் காது போவது ஒரே நாளில் போகாது. முதலில் கீச்சுக் குரல்கள் போகும். குருவி போகும். பிறகு ச, ஸ, த மாதிரி மெல்லிய எழுத்துக்கள் தேயும். ஆ, ஓ என்று வாய் திறந்து சொல்கிற எழுத்துக்கள் நிற்கும். அதனால்தான் அவர்கள், "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் கேக்கலை" என்பார்கள். காதுக்குள்ளே இருக்கிற நுண்ணிய மயிர்க்கால்கள் அடிபட்டால் திரும்ப முளைக்காது. தலைமுடிக்காவது விக் இருக்கிறது.

ரிடையர் ஆன பிறகு மச்சான் ஆசையாக ராஜா பாட்டைப் போட்டார். டேப்ரிக்கார்டர் பழசாகிவிட்டது என்று நினைத்தார். மாற்றினார். காஸெட் தேய்ந்துவிட்டது என்று பென் டிரைவ் வாங்கினார். அதற்கும் பிறகுதான் டாக்டரிடம் போனார்.

மற்றவர்கள் பாட்டென்றால் வால்யூமைக் கூட்டிக் கேட்டுவிடுகிறார். ராஜா பாட்டு மட்டும் அதற்கு மசியவில்லை. கூட்டினால் அது ராஜாவாக இல்லை, கூட்டாவிட்டால் கேட்கவில்லை. காது மிஷின் வைத்துக்கொண்டால் முன்னால் பாட்டு வருவதற்குள் பின்னால் லாரி வருகிறது.

போன பொங்கலுக்குக் கிருஷ்ணகிரியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்திரி மொட்டை மாடி. செல்போனில் அந்த தீபாவளிப் பாட்டின் சோக வடிவத்தை வைத்தேன். "கேக்குதா மச்சான்?" என்றேன்.

"கேக்கலை. நீ முட்டியிலே தாளம் போடு மாப்ளே."

போட்டேன். என் விரலைப் பார்த்துக்கொண்டே மச்சான் உதட்டை அசைத்தார், சத்தம் வராமல். பல்லவி, சரணம், நடுவில் வாத்தியத்துக்கு நிறுத்துகிற இடம், மறுபடி எடுக்கிற இடம். செல்போனில் ராஜா எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே இவரும் மூச்சு வாங்கினார். ஒரு இடத்தில் கூடப் பிசகவில்லை. ராஜா அத்தனை டேக் எடுத்து ஒரு சங்கதியை ஒரு இடத்தில் ஆணியடித்து வைத்துவிட்டுப் போனது இதற்குத்தான் போலிருக்கிறது. காது போன பிறகும் ஆணி இருக்கிறது, இவர் சட்டையை மாட்டுகிறார்.

சகதர்மிணி இரண்டு காபியோடு மாடிக்கு வந்தவள், படியிலேயே நின்றுவிட்டாள். அவள் அண்ணனைத் திட்டாமல் அத்தனை நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

*

வாசகர்களுக்கு இந்த வாரம் ஒரு சின்ன வேலை. பிரஸ்ஸிலோ, தறியிலோ, மாவு மில்லிலோ வேலை செய்கிற பையன் உங்கள் வீட்டில் இருந்தால், ஜேபியில் இருக்கிற காது அடைப்பானைக் காதில் வைக்கச் சொல்லுங்கள். "மேஸ்திரி கூப்பிட்டா கேக்காதே" என்பான். மேஸ்திரி வந்து தோளைத் தொடுவார், பரவாயில்லை.

இரண்டாவது வேலை உங்களுக்கே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிக்சியும் டி.வி.யும் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, ராஜா பாட்டு ஒன்றே ஒன்று போடுங்கள். வால்யூமைக் கூட்டவேண்டாம். நீங்கள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்காருங்கள். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேட்காதவர்களுக்கு முட்டியில் தாளம் போடுங்கள்.

பாட்டு முடிந்ததும் அங்கிருந்தே "ஏய், காபி!" என்று குரல் கொடுக்காதீர்கள். எழுந்து அடுக்களை வரை போய், ராஜா மாதிரி மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். காபி கிடைத்தவர்கள் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். "கையில்லையா, நீங்களே போட்டுக்குங்க" என்று பதில் கிடைத்தவர்களும் போடலாம். அதே பதில்தான் எனக்கும் கிடைத்தது. ஆனால் ரொம்ப மெதுவான குரலில்.